முதலில் நீரோட்டம், பிறகு தூண்டில்: சின்னப் படகில் சால்மன் பிடிப்பது பற்றி

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது சூக் என்ற சிற்றூர். அங்கிருந்து பதினாறடி அலுமினியப் படகில் ஹுவான் டி ஃபூகா நீரிணைக்குள் போய்ச் சால்மன் பிடிப்பது எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பல வருடத்துப் பழக்கம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எங்களிடம் பெரும்பாலும் கேட்பது, "என்ன இரை போடுறீங்க?" நான் பதிலுக்குக் கேட்பது, "அன்னைக்கு நீரோட்டம் எத்தனை மணிக்குத் திரும்புதுன்னு பார்த்தீங்களா?" இரையும் கம்பும் நிறமும் அதற்குப் பிறகுதான். மீன் எங்கே நிற்கும், தூண்டில் எப்படி ஓடும், எப்போது வீடு திரும்ப வேண்டும் என்ற மூன்றையும் இங்கே நீரோட்டம்தான் முடிவு செய்கிறது.

பசிபிக்கில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் சால்மன்கள் பெருந்திரளாக இந்த நீரிணை வழியே உள்ளே வருகின்றன. சில ஃப்ரேசர் ஆற்றுக்குப் போகும், சில அமெரிக்கப் பக்கத்து ப்யூஜெட் சவுண்ட் ஆறுகளுக்குப் போகும். கடல்மட்டம் உயரும் ஏற்றத்தில் நீர் கிழக்கே ஓடும்போது அவை அதோடு சேர்ந்து நகரும். மட்டம் இறங்கும் வற்று தொடங்கி நீர் மேற்கே இழுக்கும்போது எதிர்த்து நீந்திக்கொண்டே இருப்பதில்லை. கரை துருத்திக்கொண்டிருக்கும் முனைகளுக்குப் பின்னால் நீர் சுழன்று மந்தமாகும் ஒதுக்குகளில் தங்கிவிடும். சின்ன இரைமீன்களும் அங்கேதான் ஒதுங்கும். ஆட்டர் முனை, ஷெரிங்ஹாம் முனை என்று இங்கே எல்லோரும் சொல்லும் பெயர்பெற்ற இடங்களை வரைபடத்தில் பார்த்தால், எல்லாமே இப்படி நீரோட்டத்தை உடைக்கும் முனைகள்தான்.

இதை முதலில் கண்டறிந்தவர்கள் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிற நாங்கள் இல்லை. இந்தக் கரையின் பூர்வகுடிகளான ஸ்ட்ரெய்ட்ஸ் சாலிஷ் மக்கள், நங்கூரமிட்ட இரண்டு ஓடங்களுக்கு நடுவே வலையை விரித்து, நீரோட்டத்தோடு வரும் சால்மனை அதற்குள் வரவழைக்கும் முறையைப் பல தலைமுறைகளாகக் கையாண்டார்கள். பிறகு வந்த வணிக நிறுவனங்கள் சூக் கரையோரமாக மரத்தூண்களை நட்டு வலைக்கூண்டு கட்டி, 1950-களின் இறுதிவரை அள்ளினார்கள். கரையை ஒட்டி மீன் வரும் என்பதை நம்பித்தான் இரண்டும் நடந்தன. பெரிய படகு இருக்கிறவர்கள் நீரிணையின் நடுவுக்கு ஓடுவதைப் பார்த்து, சின்னப் படகுக்காரர்கள் ஏங்கவே வேண்டாம். ஆகஸ்ட் மாதத்தில் ஷினூக் என்ற சால்மன் வகை பாசிக்காட்டிலிருந்து கல்லெறியும் தூரத்தில் இருக்கும்.

நீரோட்டத்தைப் பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கைப்பேசிச் செயலியில் வரும் ஏற்ற, வற்று நேரங்கள் நீர்மட்டத்தின் உயரத்தைச் சொல்பவை. நீர் ஓடுவது எப்போது நிற்கும், எப்போது திசை மாறும் என்பது வேறு அட்டவணை. மட்டம் உச்சத்தைத் தொட்ட பிறகும் நீர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டு நேரங்களுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேலும் வித்தியாசம் வரும். கனடா நீரளவியல் துறை வெளியிடும் அட்டவணையில் 'ரேஸ் பாசேஜ்' என்ற நிலையத்துக்கு நீரோட்டக் கணக்கு தனியாக இருக்கிறது. சூக், விக்டோரியா பக்கம் போகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு, தாங்கள் நிற்கும் இடத்தில் எவ்வளவு முன்பின் ஆகிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும். ஒரு பருவம் குறித்தாலே அந்த இடத்தின் பழக்கம் பிடிபட்டுவிடும். இந்தக் கரையில் ஒரு நாளின் இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றும் சமமாக இருக்காது. ஒன்று ஓங்கியும் மற்றது பேருக்கு வந்துபோவதாகவும் இருக்கும். நாங்கள் ஓங்கிய ஏற்றம் தணியும் கடைசி ஒரு மணி நேரத்தையும், நீர் நின்று திரும்பும் முதல் ஒரு மணி நேரத்தையும் எதற்காகவும் விடுவதில்லை. அது விடியலோடு சேர்ந்து வாய்த்துவிட்டால் முந்தின இரவு தூக்கம் வராது.

அடுத்தது காற்று. கோடையில் இந்த நீரிணையில் காலை கண்ணாடிபோலக் கிடக்கும். உள்நாடு வெயிலில் சூடேற ஏற, பிற்பகலில் மேற்குக் காற்று நீரிணை நெடுக ஓடிவரும். மாலைக்குள் பெருங்காற்று எச்சரிக்கை அளவுக்கு, அதாவது 34 நாட் வேகத்துக்கு மேல் போவதும் உண்டு (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). காற்று மேற்கிலிருந்து கிழக்கே, வற்று நீர் கிழக்கிலிருந்து மேற்கே. இரண்டும் மோதினால் அலை உயர்வதை விட மோசமான ஒன்று நடக்கும்: அலைகள் ஒன்றோடொன்று நெருங்கிச் செங்குத்தாகிவிடும். பதினாறடிப் படகின் முகப்பு ஓர் அலையிலிருந்து இறங்கும் முன்பே அடுத்ததில் குத்தும். அதனால் வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தை மட்டும் படித்தால் போதாது. அந்தக் காற்று வரும் நேரத்தில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பக்கத்திலேயே எழுதிப் பார்க்க வேண்டும். பதினைந்து நாட் காற்று ஏற்றத்தோடு வந்தால் சமாளிக்கலாம். அதே காற்று பலத்த வற்றுக்கு எதிரே வந்தால் எங்கள் படகு கடலில் இருக்காது.

காற்று வருவதை முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. ஷெரிங்ஹாம் முனையில் காற்றளவை நிலையம் இருக்கிறது. அது எங்களுக்கு மேற்கே. அங்கே அளவு ஏறத் தொடங்கினால் சூக்குக்கு வரக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. படகில் வைத்திருக்கும் வி.எச்.எஃப். வானொலிக் கருவியின் வானிலை அலைவரிசையில் இதைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மீன் கடிக்கும் மும்முரத்தில் இதைக் கேட்க மறப்போம் என்பதால், யாராவது ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மைத்துனன் முறை வந்தால், "அத்தான், ஷெரிங்ஹாம் பதினெட்டு" என்பான். அதற்குமேல் பேச்சில்லை, நூலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவோம். மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். அதனால்தான் அந்த நேரத்து மனநிலைக்கு விடாமல், எத்தனை நாட் வந்தால் திரும்புவது என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுகிறோம்.

இந்த நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹுவான் டி ஃபூகாவின் நீர் நடுக்கோடையிலும் ஏறக்குறைய பத்து, பதினோரு டிகிரிதான். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீர் பற்றிய தன் ஆய்வுகளிலிருந்து ஒரு கணக்கைப் பரப்பினார்: ஒன்று, பத்து, ஒன்று. மூச்சிரைப்பை அடக்க ஒரு நிமிடம். கை விரல்கள் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான். குளிரால் நினைவு தப்ப ஒரு மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தன்னையறியாமல் வாயைத் திறந்து மூச்சிழுக்கும்போது தலை நீருக்கு மேலே இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவருக்கும் அதற்கு உயிர்காப்பு அங்கி உடம்பில் இருந்தாக வேண்டும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் அங்கியை நீருக்குள் இருந்துகொண்டு மாட்டிக்கொள்ள முடியாது. எங்கள் படகில் அங்கி மாட்டாதவருக்கு இடமில்லை, விருந்தாளியானாலும் சரி. எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுகிறவர் உடம்பில் கோத்திருக்க வேண்டும். வி.எச்.எஃப். கருவி சட்டைப் பையில் இருக்க வேண்டும், ஏனென்றால் படகோடு போய்விடும் கருவியால் ஆபத்தில் உதவி கேட்கும் 16-ஆம் அலைவரிசையில் யாரையும் கூப்பிட முடியாது. கனடாவில் அந்தக் கருவியில் பேசவும், எஞ்சின் படகை ஓட்டவும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும். இரண்டும் கடினமானவை அல்ல. பதினைந்து மீட்டர் மிதக்கும் கயிறு, நீர் இறைக்கும் பாத்திரம், விசில், விளக்கு எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டியவை. படகை இறக்குமுன் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னப் படகுக்கே உரிய ஓர் ஆபத்தைப் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை. இங்கே பெரும்பாலும் இழுவைத் தூண்டில்தான், அதாவது படகு ஓட ஓட இரையைப் பின்னால் இழுத்துப் போவது. தூண்டிலை ஆழத்துக்குக் கொண்டுபோக டவுன்ரிகர் என்ற சுருளியிலிருந்து எஃகுக் கம்பியிலோ பின்னல் கயிற்றிலோ பத்து முதல் பதினைந்து பவுண்டு ஈயக்குண்டை இறக்குவோம். தூண்டில் நூலை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியால் பிடித்திருப்போம். மீன் இழுத்தால் கவ்வி விட்டுவிடும், நூல் கைக்கு வரும். குண்டு பாறையில் சிக்கிக்கொண்டால்? நீரோட்டம் படகைத் தள்ளும், கம்பி படகின் பின்புறத்தைக் கீழே இழுக்கும். அகலம் குறைந்த படகில் பின்பலகை வழியே நீர் ஏற அதிக நேரம் ஆகாது. சுருளியின் பிடிப்பை எப்போதும் சற்றுத் தளர்த்தியே வையுங்கள். குண்டு சிக்கினால் கம்பி தானாக ஓட வேண்டும். கம்பியை வெட்டும் குறடு கைக்கெட்டும் இடத்தில் கட்டித் தொங்க வேண்டும். உடனே எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சிக்கிய இடத்துக்கு நேர் மேலே மெதுவாகத் திரும்பிப் போனால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் வெட்டுங்கள். குண்டு விலைக்கு வாங்கக் கிடைக்கும்.

சாமான்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குப் போனால் ஆயிரம் நிறம் இருக்கும். உண்மையில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: எது தானாக அசையும், எது இன்னொன்றால் அசையும். ஃபிளாஷர் என்பது பதினோரு அங்குல மினுங்கும் தகடு. இழுக்கும்போது முழு வட்டமாகச் சுழன்று, மீன்கூட்டம் இரை தின்பதுபோன்ற மினுமினுப்பைக் காட்டும். அதற்குப் பின்னால்தான் இரை. ஹூச்சி என்ற ரப்பர் கணவாய்க்குத் தனக்கென்று அசைவு கிடையாது. ஃபிளாஷர் வெட்டி இழுப்பதுதான் அதற்கு உயிர். அதனால் இரண்டுக்கும் நடுவே நூல் குட்டையாக, மூன்றிலிருந்து மூன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஸ்பூன் என்ற உலோகத் தகட்டு இரை தானே ஆடும். அதை ஃபிளாஷர் அதிகம் உதறக் கூடாது என்பதால் ஐந்தாறு அடி நூல் விடுவோம். நெத்திலியின் தலையை ஒரு சின்னக் கூட்டில் மாட்டி உருளவிடும்போதும் ஆறடி. இந்தக் காரணம் தெரிந்துவிட்டால் புதிதாக எந்த இரை வாங்கினாலும் நூலின் நீளத்தை நீங்களே முடிவு செய்யலாம்.

நூலை விட்டதும் உடனே ஆழத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். படகின் பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியும் ஆழத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ஃபிளாஷர் சீராகச் சுழல்கிறதா, அங்குமிங்கும் ஆட மட்டும் செய்கிறதா? நெத்திலி திருகாணிபோல நெருக்கமாக உருள்கிறதா? சரியாக இருந்தால் அந்த ஓட்டத்தின் துடிப்பு கம்பின் நுனியில் தெரியும். தட், தட், தட் என்று ஒரே தாளத்தில் நுனி தலையசைக்கும். ஆழத்துக்குப் போன பிறகு நமக்கு இருக்கும் ஒரே கண் அந்த நுனிதான். தாளம் மந்தமானால் பாசி சுற்றியிருக்கிறது. தாளம் குழம்பினால் உள்ளங்கை நீளக் குஞ்சு ஒன்று மாட்டிக்கொண்டு இழுபடுகிறது, அதை உடனே ஏற்றி விட்டுவிட வேண்டும். பெரிய மீன் எடுத்தால் சந்தேகமே வராது. வளைந்திருந்த கம்பு கவ்வியிலிருந்து விடுபட்டு விசுக்கென்று நிமிரும், மறுகணமே மடிந்து நீரைத் தொடும்.

வேகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புத்தகங்களில் இரண்டிலிருந்து மூன்று நாட் என்று இருக்கும். ஜி.பி.எஸ். காட்டுவது தரைக்கு மேல் படகு நகரும் வேகம். தூண்டிலுக்குத் தெரிவது நீருக்குள் தான் நகரும் வேகம். இரண்டு நாட் நீரோட்டத்தை எதிர்த்து ஓடும்போது திரையில் அரை நாட் காட்டினாலும் தூண்டில் சரியாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதே நீரோட்டத்தோடு போகும்போது திரையில் இரண்டரை காட்டினால் தூண்டில் ஏறக்குறைய செத்துக் கிடக்கிறது. திரையை விட்டுவிட்டு டவுன்ரிகர் கம்பியின் சாய்வைப் பாருங்கள். நன்றாக ஓடும் வேகத்தில் அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால், நீர் எப்படி ஓடினாலும் அந்தச் சாய்வைத் தக்கவைத்து ஓட்டலாம். கம்பி சாயும்போது குண்டும் பின்னால் தள்ளப்பட்டு மேலெழும் என்பதால், சுருளியின் அளவி 120 அடி என்று காட்டினாலும் நிஜ ஆழம் குறைவாகத்தான் இருக்கும். படகைத் திருப்பும்போது வெளிப்பக்கத்துத் தூண்டில் வேகமெடுக்கும், உள்பக்கத்தது மந்தமாகித் தாழும். அப்போது எந்தப் பக்கம் கடிக்கிறது என்று கவனியுங்கள். வெளிப்பக்கம் கடித்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும், உள்பக்கம் கடித்தால் குறைக்க வேண்டும். மீனே சொல்லித் தருகிற பாடம் இது, எனக்கு இதைவிடப் பயன்பட்ட ஒன்று கிடையாது.

கூடியவரை நீரோட்டத்தோடு ஓட்டுவது எங்கள் வழக்கம். மீன் நீரோட்டத்துக்கு முகம் காட்டி நிற்கும், இரை அதன் முகத்துக்கே போகும். ஷினூக் கடல்தரையை ஒட்டி வாழ்வது. விடியலில் நாற்பது, ஐம்பது அடியில் இருப்பது வெயில் ஏற ஏற நூறைத் தாண்டும். இன்னொரு சால்மன் வகையான கோஹோ மேல்நீரில் திரியும், வேகத்தை விரும்பும், நீரோட்டங்கள் உரசும் கோடுகளில் கூடும். அந்தக் கோடுகளில் பாசியோடு மரக்கட்டைகளும் மிதந்து வரும். பெரிய ஏற்றம் கரையில் கிடந்த மரங்களைத் தூக்கிவிட்ட மறுநாள் காலையில் படகை வேகமாக விரட்ட வேண்டாம். செங்குத்தாக மிதந்து, தலை மட்டும் நீர்மட்டத்தில் தெரியும் கட்டைகள் இந்தக் கரை முழுவதும் உண்டு.

மீன் மாட்டியதும் நடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கை தானாகக் கற்றுக்கொள்ளும். இந்தக் கரையில் பலரும் விரும்புவது பல்சக்கரம் இல்லாத ஒற்றைச் சுற்றுச் சுருளி. மீன் ஓடும்போது கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் மூட்டைப் பதம் பார்க்கும். மீன் ஓடினால் கைப்பிடியை விட்டுவிட்டு, உள்ளங்கையால் விளிம்பை அழுத்தித் தடுக்க வேண்டும். கைவலையை மீனைத் துரத்திக்கொண்டு வீசக் கூடாது. தலை வலையை நோக்கி வரும்வரை காத்திருந்து, மீனை வலைக்குள் இழுக்க வேண்டும். சின்னப் படகில் இருவரும் ஒரே பக்கம் எழுந்து நிற்கவே கூடாது.

வலை போடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: இது எந்த மீன்? இந்த நீரில் ஐந்து வகைச் சால்மன் உண்டு. கடலில் இருக்கும்போது ஐந்துமே வெள்ளியாக மின்னும். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அடுத்ததைத் தொடவும் கூடாது என்று விதி இருக்கும்போது தோராயமாகப் பார்ப்பது போதாது. மைத்துனன் வந்த புதிதில், "அத்தான், கோஹோவா ஷினூக்கா?" என்று கத்துவான். "மாப்ள, வாயைப் பாரு, அப்புறம் வாலைப் பாரு" என்பேன். ஷினூக்கின் ஈறு கறுப்பு, பல் முளைக்கும் இடம்கூடக் கறுப்பாக இருக்கும், வாலின் இரண்டு மடலிலும் புள்ளி இருக்கும். கோஹோவுக்குப் பல் முளைக்கும் கோடு வெளுப்பு, வாலின் மேல்மடலில் மட்டும் புள்ளி. பிங்க் வகைக்கு முதுகிலும் வாலிலும் பெரிய நீள்வட்டக் கறைகள், செதில் மிகப் பொடிசு. சாக்கைக்குத் தெளிவான புள்ளி கிடையாது, கண் பெரிது, கண்ணாடி மாதிரி. சம் வகைக்கும் புள்ளி கிடையாது, வால் தொடங்கும் இடம் ஒடுங்கியிருக்கும், அடித்துடுப்பின் நுனி வெளுத்திருக்கும்.

இனம் தெரிந்த பிறகு, முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பைப் பார்க்க வேண்டும். குஞ்சு பொரிப்பகங்களில் வளர்த்து விடும் ஷினூக், கோஹோ குஞ்சுகளில் பலவற்றுக்கு அதை வெட்டிவிடுவார்கள். துடுப்பு இருந்த இடத்தில் ஆறிய தழும்பு இருந்தால் பொரிப்பக மீன், துடுப்பு இருந்தால் காட்டுமீனாகக் கருத வேண்டும். காட்டு கோஹோவை இந்தப் பகுதியில் பெரும்பாலான நாட்களில் விட்டுவிடத்தான் வேண்டும். ஃப்ரேசர் ஆற்றின் மேல்பகுதிகளில் முட்டையிடும் ஷினூக் கூட்டங்கள் மோசமாகக் குறைந்துபோனதால், 2019 முதல் வசந்தகாலத்தில் தொடங்கிக் கோடையின் பாதிவரை இங்கே ஷினூக்குக்குக் கடும் கட்டுப்பாடு. அளவு விதியும் இடத்துக்கு இடம் மாறும். ஜார்ஜியா நீரிணையில் ஷினூக் குறைந்தது 62 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், விக்டோரியா பக்கம் 45. மூக்கு நுனியிலிருந்து வாலின் கவட்டை வரை அளக்க வேண்டும். சில காலங்களில் 80 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலும் விட வேண்டும். பருவத்தின் நடுவிலும் அறிவிப்பு மாறும் என்பதால், கிளம்பும் நாளன்று மீன்வளத் துறையின் பக்கத்தைப் பார்க்காமல் படகை இறக்குவதில்லை. உரிமம் ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடியும். சால்மனை வைத்துக்கொள்ளத் தனி முத்திரை வேண்டும். ஷினூக்கை வைத்துக்கொண்டால் அந்த இடத்திலேயே உரிமத்தில் பதிய வேண்டும்.

விட வேண்டிய மீனை விடும் விதம்தான் ஒருவர் எவ்வளவு தேர்ந்தவர் என்று எனக்குக் காட்டுவது. சால்மனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டில்முள்தான் சட்டம், எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டாலும் செல்லும். நூலை ஒரு கையில் இறுக்கிப் பிடித்து, கொக்கிக் கோலை நூலோடு சறுக்கி முள்ளின் வளைவுவரை இறக்கி, கோலை மேலே தூக்கினால் முள் தலைகீழாகத் திரும்பும், மீன் தன் எடையிலேயே கழன்று நீருக்குள் போகும். மீனை வெளியே எடுக்கவும் வேண்டாம், கை படவும் வேண்டாம். கடலில் திரியும் சால்மனின் செதில் விரல் பட்டாலே உதிரும். படகில் போட்டுத் துள்ளவிட்ட மீனின் பக்கவாட்டில் செதில் போன திட்டுகள் தெரியும். அந்த இடங்கள் வழியாகத்தான் நோய் உள்ளே போகும். படம் எடுக்க ஆசையாக இருந்தால் நீருக்குள் இருக்கும்போதே எடுங்கள்.

பாறைமீன் மாட்டினால் முறை வேறு. ஆழத்திலிருந்து வரும்போது அதன் காற்றுப்பை ஊதிவிடும், மேலே விட்டால் மிதந்தே சாகும். எடை கட்டிய தலைகீழ் முள்ளில் மாட்டி, பிடித்த ஆழத்துக்கே இறக்கிவிட வேண்டும், இங்கே அது விதி. இந்தக் கரையில் 164 பாறைமீன் காப்பிடங்கள் உள்ளன. அவற்றுக்குள் சால்மனுக்கும் தூண்டில் போடக் கூடாது. எல்லையைப் படகின் வரைபடக் கருவியில் முன்கூட்டியே ஏற்றி வையுங்கள்.

இந்த நீரிணைக்கு ஷினூக்கை நம்பி வரும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. தென்பகுதி வாசிகள் எனப்படும் ஓர்க்காத் திமிங்கிலங்கள், எழுபது சொச்சம்தான் மிச்சம். ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்டு இரை தேடுபவை. எஞ்சின் இரைச்சலும் நம் ஆழமானியின் ஒலியும் அவற்றின் வேட்டையில் நேராகக் குறுக்கிடுகின்றன. 2019-இல் 400 மீட்டர் விலகல் சட்டமாயிற்று. அந்த ஆணை அவ்வப்போது மாறுகிறது, நடப்பு ஆண்டுக்கானதைப் பாருங்கள். ஆயிரம் மீட்டருக்குள் வந்தால் தூண்டிலை ஏற்றிவிடுங்கள் என்பது கட்டாயமில்லாத வேண்டுகோளாகத்தான் வந்தது. நாங்கள் அதைக் கட்டாயமாகவே எடுத்துக்கொண்டோம். தூண்டிலை ஏற்றி, ஆழமானியை அணைத்து, அவை கடந்துபோகும்வரை காத்திருக்கிறோம். எங்களுக்கு மீன் வாரயிறுதி மகிழ்ச்சி, அவற்றுக்கு அது சாப்பாடு.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, ஐஸில் புதைக்க வேண்டும். இதில் பத்து நிமிடம் தாமதித்தாலும் சதையில் தெரியும். கரையில் குடலெடுக்கும்போது இரைப்பையைப் பிளந்து பாருங்கள். விரல் தடிமனில் வெள்ளி ஊசிகளாக மணல்மீன் கிடந்தால் அடுத்த முறைக்கு மெலிந்த நீண்ட ஸ்பூன், பட்டையான ஹெர்ரிங் கிடந்தால் அகலமான பெரிய ஸ்பூன். முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புக் கோட்டைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். பச்சையாக உண்ண நினைப்பவர்கள், காட்டு சால்மனில் ஒட்டுண்ணிப் புழு சாதாரணம் என்பதால், மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைத்த பிறகே உண்ண வேண்டும்.

துடுப்பு வெட்டப்பட்ட ஷினூக், கோஹோவின் தலையைக் குப்பையில் போடாதீர்கள். சிலவற்றின் மூக்கெலும்புக்குள் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் குறியீடு பொறித்த கம்பித்துண்டு இருக்கும். எந்தப் பொரிப்பகத்தில், எந்த ஆண்டில் விடப்பட்டது என்பதை அது சொல்லும். கரையோர மரினாக்களிலும் தூண்டில் கடைகளிலும் தலைகளை வாங்கிக்கொள்ளப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். பிடித்த இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு போட்டால் போதும். எந்த ஆற்றின் மீன் எங்கே எவ்வளவு பிடிபடுகிறது என்ற கணக்கு இந்தத் தலைகளிலிருந்துதான் வருகிறது, அடுத்த ஆண்டின் அனுமதியும் தடையும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆண்டின் ஆகஸ்டைச் சொல்வேன். பிங்க் சால்மனின் ஆயுள் இரண்டே ஆண்டு. ஃப்ரேசர் ஆற்றுக் கூட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் திரும்பும், அதுவும் லட்சக்கணக்கில். அனுமதி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சின்ன இளஞ்சிவப்பு ஹூச்சி ஒன்றை ஃபிளாஷருக்குப் பின்னால் மூன்றடியில் கட்டி, நாற்பதிலிருந்து எண்பது அடிவரை மாற்றி மாற்றி, ஷினூக்குக்கு ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டுங்கள். பிங்க் கூட்டமாக வரும். ஒன்று கடித்த இடத்தை வரைபடக் கருவியில் குறித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தால், கம்பைப் பிடிக்கவும் கைவலை போடவும் வாயையும் வாலையும் பார்க்கவும் ஒரே காலையில் கை பழகிவிடும். சதை மென்மையானது, அன்றே சமைத்துவிட வேண்டும். காற்றுக்கு முன்னால், பத்து மணிக்கெல்லாம் கரையேறிவிடலாம்.